இடது கண்ணுக்கு எந்தத் தூரம்?

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
11 மார்ச் 2007, ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகளுக்கு,

போன புதன்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். தானாகவே ஃபோகஸ் பிடிக்கும் புது லென்ஸ் ஒன்றைப் புனேயிலிருந்து அனுப்புகிறேன், இனி வளையத்தைத் திருப்பிக்கொண்டு சிரமப்பட வேண்டாம் என்று மகள் சொன்னால் எந்தத் தகப்பனும் உடனே மகிழ்ச்சியைத் தெரிவித்திருப்பான். நான் தெரிவிக்கவில்லை. அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, என் இடது கண். வருகிற வெள்ளிக்கிழமை, பதினாறாம் தேதி, அந்தக் கண்ணின் புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கப்போகும் செயற்கை லென்ஸ் தூரப் பார்வைக்கா, கிட்டப் பார்வைக்கா என்று டாக்டரம்மாவிடம் நான் பதில் சொல்லியாக வேண்டும். சட்டையை மாற்றுவதுபோல் பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் அந்தக் கண் எந்தத் தூரத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதை அறுபத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தீர்மானிப்பது, நீ நினைப்பதைப்போல் இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் முடிகிற காரியமல்ல. பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு பாதிப் பதிலை அவளே சொல்லிவிடுவாள். ஆகவே எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், வங்காளம் என்றால் ஓட்டமாகப் படிப்பாய் என்பது எனக்குத் தெரியும். எனக்கு வங்காளம் பேசத்தான் வரும், எழுத வராது. எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒரு திருத்தம். என் லென்ஸை 1992இல் வாங்கியதாக உன் தோழிகளிடம் சொல்லிவருகிறாய். அது தவறு. 1994 பிப்ரவரியில், நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது, கிதிர்பூரில் கப்பலில் வரும் சாமான்களை விற்கும் கடை ஒன்றில் வாங்கினேன். அப்போது இந்த ஊர் கல்கத்தா. துறைமுக அலுவலகத்திலிருந்து மதிய உணவு நேரத்தில் நடந்து போய்ப் பார்த்தேன். ஏதோ ஒரு கப்பல் இன்ஜினீயர் விற்றுவிட்டுப் போனதாம். முழுவதும் உலோகம். கையில் எடுத்தால் அரிசிப் படியைத் தூக்கியதுபோல் இருக்கும். அதன் வளையத்தைத் திருப்பினால் எண்ணெய் போட்ட கதவுபோல் சத்தமில்லாமல் நகரும். எத்தனை அடி தூரத்தில் ஃபோகஸ் நிற்கிறது என்பது அந்த வளையத்திலேயே பொறித்திருக்கும். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்காது. "ஏங்க, இது பீரங்கியா?" என்றாள்.

அந்த லென்ஸைக் கொண்டு பறக்கும் பறவையைத் துரத்த முடியாது. நான் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் பறவை அக்கரைக்குப் போயிருக்கும். முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஃபிலிம் எல்லாம் வெறும் தண்ணீரும் வானமுமாகத் திரும்பி வந்தது. பிறகுதான் ஒரு முறையைக் கண்டுகொண்டேன். பறவையை ஃபோகஸ் செய்யக்கூடாது, அது வந்து உட்காரப்போகும் கொம்பை ஃபோகஸ் செய்ய வேண்டும். ரவீந்திர சரோவரில் நம் பெஞ்சுக்கு எதிரே தண்ணீருக்குள் நட்டிருந்த மூங்கில் கழிக்கு முப்பது அடி. வளையத்தை முப்பதில் நிறுத்தி, கழியின் தலையில் கீறல் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு, கையை எடுத்துவிடுவேன். அங்கே முன்னும் பின்னும் ஒரு சாண்கூடத் தேறாது, அவ்வளவுதான் தெளிவு. மீன்கொத்தி அந்தச் சாணுக்குள் வந்து உட்கார வேண்டும், உட்காரும் கணத்தில் விரல் அழுத்த வேண்டும். இதற்கு இரண்டு கண்களும் திறந்திருக்க வேண்டும். வலது கண் கேமராவுக்குள் கழியைப் பார்க்கும். இடது கண் வெளியே, ஏரியின் மேல், பறவை வருவதைப் பார்க்கும்.

எனக்கு அந்த இடது கண் இல்லை. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்காரன் நான். கேமராவைக் கண்ணில் வைக்கும்போது மூக்குக்கண்ணாடி இடிக்கும் என்பதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவேன். கேமராவுக்குள் பார்ப்பதற்கு என் பவருக்கு ஏற்ற சிறு கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருந்ததால் வலது கண்ணுக்குக் குறையில்லை. இடது கண்ணுக்கோ ஏரி முழுவதும் சாம்பல் கலந்த பச்சைக் குழம்புதான். அந்தக் கண்ணாக நீ வந்தாய். 1995 டிசம்பர் விடுமுறையில் ஒரு காலை, வீட்டில் சும்மா இருப்பதற்குப் பதில் வருகிறேன் என்று சொல்லி வந்தவள், என் இடதுபக்கம் உட்கார்ந்து தொடையில் கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே "அப்பா, வருது" என்றாய். அழுத்தினேன். அந்தப் படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். இறக்கை மடங்கும் முன், கால்கள் கழியைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. புத்தகம் படித்துக்கொண்டே பறவையை எப்படிப் பார்த்தாய் என்று அன்று நான் கேட்டதற்கு, "படிக்கவே இல்லப்பா, பக்கத்த சும்மா திருப்பிட்டிருந்தேன்" என்றாய். அதற்குப் பிறகு கல்லூரிக்கு ஜாதவ்பூர் போகும் வரையிலும், போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில், நீ எனக்காகப் பார்த்துச் சொன்ன பறவைகளுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. கேமராவுக்குப் பின்னால் இருப்பவனுக்குத்தான் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

2005ஆம் ஆண்டு துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் நீ டிஜிட்டல் கேமராவுடன் வந்தாய். அதற்குரிய லென்ஸ் ஒன்று கூடவே வந்தாலும், என் பழைய லென்ஸை அதில் மாட்டிப் பார்க்கத்தான் எனக்கு அவசரம். மாட்டியது. ஆனால் கேமரா அதைக் கண்டுகொள்ளவில்லை. வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லவும் மறுத்துவிட்டது. பார்த்தாயா, இதற்கு மரியாதை தெரியவில்லை என்று நான் பெட்டியை மூடப்போனேன். நீதான் தடுத்தாய். "ஒண்ணு எடுங்க, பின்னாடி திரையில பாருங்க, இருட்டா இருந்தா கூட்டுங்க, வெளுத்திருந்தா குறைங்க. கேமரா சொல்லலன்னா என்ன, படமே சொல்லுதே!" என்றாய். ஃபிலிம் கழுவி வர ஒரு வாரம் காத்திருந்து என் பிழையைத் தெரிந்துகொண்டவன் நான். அந்த ஒரு வாரத்தை நீ ஒரு நொடியாக்கிக் கொடுத்தாய். இன்னொன்றும் சொன்னாய். அதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

"கீழ ஒரு பச்சைப் பொட்டு எரியும் பாருங்கப்பா. அது எரிஞ்சா ஃபோகஸ் சரியா நிக்குதுன்னு அர்த்தம். பழைய லென்ஸுக்கும் எரியும்."

"எனக்குக் கண் இருக்கு."

"ஏ மா! கண் இல்லன்னா சொன்னேன்? பொட்டும் இருக்குன்னு சொன்னேன்."

பொட்டை நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் படங்கள் மங்கத் தொடங்கின. உனக்குத் தெரியும், இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை லென்ஸ் வைத்திருப்பவனுக்குத் தூக்கம் கிடையாது. காற்றின் ஈரத்தில் கண்ணாடிக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும், சிலந்தி நூல்போல் கிளை விடும். அதற்காகத்தான் அம்மாவின் பிஸ்கட் டப்பாவைப் பிடுங்கி, ஈரம் இழுக்கும் நீலக் குருணையைப் பையில் கட்டி உள்ளே போட்டு, லென்ஸை அதில் வைத்திருந்தேன். ஈரத்தை இழுத்து இழுத்து அந்தக் குருணை இளஞ்சிவப்பாகிவிடும். சட்டியில் போட்டு வறுத்தால் மறுபடி நீலமாகும். நான் வறுத்தது தோசைக்கல்லில். 2006 ஜூலையில் எவ்வளவு வறுத்தும் நீலம் திரும்பவில்லை. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான் கத்தியபோது உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நல்லா நீலமாத்தான இருக்கு! இன்னும் என்னத்துக்குப் போட்டு வறுக்கீக? நாளைக்குத் தோச நீலமா வந்தா நீங்கதான் திங்கணும்."

அவளுக்கு நிறம் தெரியவில்லை என்று நினைத்தேன். பூஞ்சைதான் என்று முடிவு கட்டி, தர்மதலாப் பக்கம் ஒரு கடையில் லென்ஸைக் கழற்றித் துடைக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தது. மங்கல் அப்படியே இருந்தது. மறுபடி கொண்டுபோய், உள்ளே இன்னும் பூஞ்சை இருக்கிறதே என்றேன். அந்த மனிதர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு என்று நீங்கள் சொன்னால் இருக்கத்தான் செய்யும், தாதா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு புதுக் கேமராவின் மேல் பழியைப் போட்டேன். அதன் கண் வைக்கும் துளை பழைய கேமராவைவிடச் சிறியது, இருட்டானது என்பது உண்மைதான். ஆனால் நான் சொன்ன அளவுக்கு இருட்டல்ல. கீழ்வீட்டுக் கோஷ்தா காலை நடையின்போது கேமராத் திரையை எட்டிப் பார்த்து, "ஆரே மொஷாய், இது மீன்கொத்தியா, மீன்கொத்தி செத்து வந்த பேயா?" என்று வங்காளத்தில் கேட்டார். அவருடன் நான் இரண்டு வாரம் பேசவில்லை. அவரோ நான் பேசாததைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை இந்தக் கடிதத்தின் நடுவில் வைக்கவே இவ்வளவு தூரம் வந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து மாமா அனுப்பும் தினசரி காலண்டரைப் பால்கனிக் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டினாய். சமையலறை வாசலில் ட்ரைபாடை வைத்து, என் லென்ஸை மாட்டி, என் கண்ணால் ஃபோகஸ் பிடித்து நான்கு படங்கள் எடுக்கச் சொன்னாய். பிறகு பச்சைப் பொட்டைப் பார்த்து நான்கு. பிறகு பொட்டைப் பார்க்காமல் உன் கண்ணால் நீயே நான்கு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினாய். பொட்டைப் பார்த்து எடுத்தவற்றில் ராகு காலமும் எமகண்டமும் படிக்கும்படி இருந்தன. நீ எடுத்தவற்றில் காகிதத்தின் இழைகூடத் தெரிந்தது. நான் எடுத்தவற்றில் தேதியே தெரியவில்லை. உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, அப்பா எடுத்தது மட்டும் ஏன் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு?"

"லென்ஸ் நல்லா இருக்கும்மா."

"அப்ப கேமராவா?"

"அதுவும் நல்லா இருக்கு."

"பின்ன?"

நீ பால்கனிக்குப் போய்க் காலண்டரைக் கழற்றி வந்து சுவரில் அதன் ஆணியில் மாட்டினாய். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைக்கு லீவு போட்டிருக்கேன்பா. ஒரு எடத்துக்குப் போறோம். எங்கன்னு கேக்காதீங்க" என்றாய். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் கோளாறு என்று நீ வாயால் சொல்லியிருந்தால் உன்னிடம் வாதாடியிருப்பேன், உன் இருபத்து நான்கு வயதை இழுத்திருப்பேன், நான் ஸ்லைடுகளைக் கண்ணாடியில்லாமல் கண்ணருகே பிடித்துத் தூசி எடுத்த நாட்களை அடுக்கியிருப்பேன். என்னை நானே பார்க்கும்படி செய்தாய். மகளே, அலுவலகத்திலோ, நாளை உன் குடும்பத்திலோ, யாராவது தனக்குத் தெரியாததைத் தெரிவதாகச் சாதித்தால் வாதாடாதே. காலண்டரைத் தொங்கவிடு. நான் உனக்குச் சொல்லும் அறிவுரைபோல் இது தோன்றும். உன்னிடமிருந்து கற்றதைத் திருப்பித் தருகிறேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் புரை என்றார். முதலில் வலது கண். உள்ளே வைக்கும் லென்ஸுக்கு வளையம் கிடையாது, அது ஒரே இடத்தில் ஃபோகஸ் வைத்து நிறுத்தியது என்று அவர் விளக்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் கழிக்கு வைத்து நிறுத்துவதைப்போல்தான். "மேஷோமஷாய், உங்களுக்கு எந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும்?" என்று கேட்டார். "முப்பது அடி" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நீ இடையில் புகுந்து மீன்கொத்திக் கதையைச் சொன்ன பிறகு, "அந்த மீன்கொத்தி என்னிடம் சிகிச்சைக்கு வரவில்லையே. நான் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன்" என்று சிரித்தார். வலது கண் தூரத்துக்கு என்று அன்றே முடிவாயிற்று. கேமராவில் வைக்கும் கண் என்பதால் அதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

ஜனவரியில் கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து நான் முதலில் பார்த்தது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கொக்கை. 2006 பொங்கலுக்கு நானே கம்ப்யூட்டரில் நிறம் திருத்தி, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு மாட்டிய படம். வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். அந்தக் கொக்கு நீலமாக இருந்தது. வேட்டிக்குப் போடும் நீலத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தால் நீலம், வலது கண்ணை மூடிப் பார்த்தால் அருமையான வெள்ளை. புரையின் மஞ்சள் வழியாகப் பார்த்து, மஞ்சள் போகும்வரை நீலத்தைக் கூட்டியிருக்கிறேன். குருணையின் கதையும் அப்போதுதான் விளங்கியது. தர்மதலாக் கடைக்காரரிடமும், குருணை விற்றவரிடமும், உன் அம்மாவின் கண்ணிடமும் ஒரே நேரத்தில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

"இந்தக் கொக்கு எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"மாட்டின நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கு அது வெள்ளையாத் தெரிஞ்சுதில்லப்பா. நான் எதுக்கு அத நீலமாக்கணும்?"

நான் திருத்துவதற்கு முந்தைய படங்கள் அத்தனையையும் நீ தனியே எடுத்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஓராண்டுக் காலம் நீலக் கொக்குக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், விருந்தாளிகள் முன் சிரிக்காமல் இருந்திருக்கிறாய். கோஷ்தாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவரிடம் நீ போய், சித்தப்பா முறையில் காக்கு என்று கூப்பிட்டு, அதைப் பற்றி மட்டும் கேலி வேண்டாம் என்று சொல்லி வைத்தாயாம். அவரே சொன்னார். என் மீன்கொத்தியைப் பேயென்று சொன்ன மனிதர் உனக்குக் கொடுத்த வார்த்தையை ஓராண்டு காப்பாற்றியிருக்கிறார். இப்படி ஓர் அண்டை வீடும் இப்படி ஒரு மகளும் வாய்த்தவன் புகார் சொல்லக்கூடாது என்று அன்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தை எத்தனை நாள் காப்பாற்றினேன் என்று அம்மாவிடம் கேட்காதே.

பிப்ரவரியில் நீ புனேக்குப் போனாய். இப்போது இடது கண்ணுக்கு வருகிறேன். அதைத் தூரத்துக்கு வைத்துக்கொண்டால், வாழ்க்கையில் முதல்முறையாக மூக்குக்கண்ணாடி இல்லாமல் பறவை வருவதை நானே பார்க்கலாம். பதின்மூன்று ஆண்டுகளாக நான் ஏங்கியது அதற்குத்தான். யார் உதவியும் வேண்டாம். கோஷ்தா இந்தக் கட்சி. "தூரம்தான் மொஷாய், சந்தேகமே வேண்டாம். கிட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது, மின்சாரக் கட்டணமா?" என்கிறார். கிட்டத்துக்கு வைத்தால் படிக்கலாம், சவரம் செய்துகொள்ளலாம், ஆனால் ஏரி மறுபடி குழம்பாகிவிடும். ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டம் என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு, பழகிவிடும் என்கிறார் டாக்டரம்மா. நீ புதன்கிழமை சொன்னது இது. "கண்ண வீட்டுக்கு வச்சுக்கோங்கப்பா. பறவைய புது லென்ஸ் பாத்துக்கும்." இதில் முதல் வாக்கியத்தை நான் பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

போன ஞாயிறு, நான்காம் தேதி, ஹோலிப் பண்டிகையான தோல் பூர்ணிமைக்கு மறுநாள், உன் அம்மா ஃபிளாஸ்க்குடன் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்கே என்றேன். "ஏரிக்குத்தான். பிள்ளையும் இல்ல. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு எங்கனயாவது தண்ணிக்குள்ள கால வச்சுட்டீகன்னா?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அந்தப் பெஞ்சுக்கு வந்ததில்லை. நடக்க வந்தவர்களின் காதோரங்களில் முந்தைய நாளின் வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் இப்போது தெரிகிறது. நான் கழிக்கு வளையத்தை வைத்து, பச்சைப் பொட்டு எரிகிறதா என்று பார்த்து (ஆம், பார்க்கிறேன்), வலது கண்ணைக் கேமராவில் வைத்தேன். அவள் இடதுபக்கம் உட்கார்ந்தாள்.

"என்ன செய்யணும்?"

"பறவை வந்தா சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, வருது வருது" என்றாள். அழுத்தினேன். கழி காலியாக இருந்தது.

"எது வந்துச்சு?"

"காக்கா."

"காக்கா வந்தா சொல்ல வேண்டாம்."

"அத மொதல்லயே சொல்லிருக்கணும்லா."

அதற்கடுத்து மீன்கொத்தியே வந்தது. ஆனால் உன் அம்மாவின் முறை வேறு. "அங்கன பாருங்க, தண்ணிய ஒட்டி, நெஞ்சு வெள்ளையா, மூக்கு செவப்பா, எம்மாடி, அந்த நீலம்" என்று முழுக்க வருணித்து முடித்த பிறகுதான் வந்ததைச் சொல்வாள். அதற்குள் அது உட்கார்ந்து, எழுந்து, போயும்விட்டது. மூன்று முறை இப்படி. நான்காவது முறை பேசாமல் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அழுத்தினேன். படம் விழுந்தது. நீ சொன்ன "வருது"வில் ஒன்றிரண்டு பறவைகள் மிரண்டு திரும்பியது உண்டு, உனக்கு வருத்தமாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டையை இழுப்பதில் சத்தமே இல்லை.

திரையில் படத்தைப் பார்க்க அவளும் சாய்ந்தாள். "ஆத்தி, கண்ணுல வெளிச்சம்கூட விழுந்திருக்கே!" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். மூக்குத்தி மினுங்கியது தெரிந்தது. அவ்வளவுதான். புதுக் கண்ணுக்கு அவள் மிக அருகில் இருந்தாள், பழைய கண்ணுக்குப் புகைக்குப் பின்னால் இருந்தாள். நீ பிறந்ததும் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், இடமாற்ற உத்தரவு வந்து இந்த ஊருக்கு மூட்டை கட்டிய அன்றும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். எல்லாம் கண்ணாடியைக் கழற்றினால் தெளிவாகத் தெரிகிற அந்தத் தூரத்தில். அந்தக் காலையில் அவள் சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. படிக்கும் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆகவே மகளே, புது லென்ஸ் அனுப்ப வேண்டாம். உன் அன்புக்குக் குறை சொல்லவில்லை. அதற்கு என் முழு நன்றி. ஆனால் பறவையைத் தானே தேடிப் பிடித்துவிடும் லென்ஸ் வந்துவிட்டால், வருவதைச் சொல்ல என் பக்கத்தில் ஆள் தேவைப்படாது. பழையது இருக்கட்டும். நீ விடுமுறைக்கு வரும்போது பெஞ்சில் மூன்று பேர் உட்கார இடம் இருக்கிறது. வலதுபக்கம் உனக்கு.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் இடது கண் கிட்டத்துக்கு என்று சொல்லப்போகிறேன். இருபது அங்குலம் என்று கேட்கலாமென்று இருக்கிறேன். பெஞ்சில் அளந்து பார்த்தேன். ஏன் கிட்டத்துக்கு என்று உன் அம்மா கேட்டாள். பேப்பர் படிக்க வசதி என்று சொல்லியிருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லிவிடாதே.

உன் அன்புள்ள,
அப்பா